இரண்டு முழம்

மேட்டூர் திறக்க ஒன்பது நாள் இருந்தது.
அதற்குள் கரை சுத்தமாக வேண்டும் என்றது நோட்டீஸ்.
கதவில் ஒட்ட வேண்டுமாம், விதி.
கதவில்லாத வீட்டில் எங்கே ஒட்டுவார் தலையாரி?
ஒன்றை ஆட்டுக்கொட்டில் கம்பத்தில்,
ஒன்றை உத்திராபதியின் சைக்கிள் சீட்டில்,
மீதி முப்பத்திரண்டையும் மொத்தமாகப் புங்கமரத்தில்.
ஆடு தின்று மிஞ்சிய ஒன்றோடு
பக்கிரியம்மா என் படியேறி வந்தாள்.

படி என்பது மன்னார்குடியில்
ஜெராக்ஸ் கடையின் பக்கவாட்டு இரும்பு ஏணி.
மேலே பத்தடி அறை.
மூன்று மாத வாடகை பாக்கி எனக்கும்.
என்னை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்பதில்லை.

பட்டா?
இல்லை.
வீட்டு வரி?
கட்டப் போனோம், வாங்க மாட்டேன்னுட்டாங்க.
பிறகு என்னதாம்மா இருக்கு?

மடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா எடுத்தாள்.
உள்ளே ரப்பர் பேண்டு உருகி
ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன பி-மெமோ ரசீதுகள்.
வாய்க்கால் புறம்போக்கில் குடியிருந்த குற்றத்துக்கு
வருடா வருடம் கட்டிய தண்டம்.
முதலாவது நாலு ரூபாய் எழுபது காசு,
மாமனார் பெயரில்.
பெயரில் பாதி கரையானுக்கு.
முப்பத்தோரு வருடத்தில் ஒன்று மட்டும் விட்டிருந்தது.
"அந்த வருசம் வெள்ளம்.
வசூலுக்கு ஆள் வரல.
நாங்க இருந்தோம்."

அரசு வழக்கறிஞர் நல்ல மனிதர்.
காலையில் எனக்குக் காபி வாங்கித் தந்தார்.
பதினோரு மணிக்கு எழுந்து,
"இவர்கள் அங்கே குடியிருந்ததற்குத்
துண்டுக் காகிதம்கூட இல்லை" என்றார்.
நான் டப்பாவைத் திறந்தேன்.
முன்சீப் கோர்ட்டில் அடுப்புப் புகை வாசம்.

இல்லாதவர்களிடமா ஐயா
இத்தனை வருடம் தண்டம் வாங்கினீர்கள்?

நீதிபதி ஒவ்வொன்றாகப் பிரித்தார்.
ரசீதுக்கு வலிக்கும் என்பதுபோல் பிரித்தார்.
வாதி தரப்பு சான்றாவணம் ஒன்று,
இரண்டு, மூன்று,
குற்றம் சாட்டிய காகிதமெல்லாம்
கட்சி மாறி எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தது.

ஜெயித்தோம் என்று சொல்ல மாட்டேன்.
பதினான்கு நாள் இடைக்காலத் தடை.
உத்தரவு நகலில் முத்திரை விழ மணி நாலரை.
மூன்று மணிக்கே
முதல் வீட்டில் கை வைத்துவிட்டது பொக்லைன்.
உத்திராபதி வீடு.
போனில் நான் கத்தியது கேட்டதாம்.
பேப்பரைக் காட்டு என்றார்களாம்.

நீதி கடைமடைக்கு வரும் தண்ணீர் மாதிரி என்று
வக்கீல் சங்க விழாவில் ஒருவர் பேசினார்.
கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.
தண்ணீராவது முறைவைத்து வரும்.

அவருக்குத் தனியாக ஒரு மனு.
தட்டச்சு செய்யும் ஹபீபா கேட்டாள்:
"தகப்பனார் பெயர்?"
சொன்னார்.
"வயசு?"
கொஞ்சம் கூட்டிச் சொன்னார்.
"இருப்பிடம்?"
கையில் சைக்கிள் சாவியை உருட்டிக்கொண்டே இருந்தார்.
"மூணு மணி வரைக்கும்னு போடு, தங்கச்சி."
ஹபீபா என்னைப் பார்த்தாள்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாய்தாவுக்கு முதல் நாள் தண்ணீர் வந்தது.
நுரையும் சருகும் ஒற்றைச் செருப்பும் தள்ளிக்கொண்டு
கலங்கலாக, அவசரமில்லாமல்.
முப்பத்து மூன்று குடிசையின் பிள்ளைகளும்
கரையில் கூடவே ஓடினார்கள்.
நானும் போயிருந்தேன், அளவு நாடா எடுத்துக்கொள்ளாமல்.

உத்திராபதி தன் அடுப்பு இருந்த கரித்தடத்தில் உட்கார்ந்தார்.
அங்கிருந்து நீர் விளிம்பு வரை
முழங்கையால் அளந்தார்.
இரண்டு முழம்.
மறுபடி அளந்தார்.
"எப்பவுமே இவ்வளவு தள்ளித்தாம்மா போவும்.
எங்களால அதுக்கு எடைஞ்சல் இல்ல,
அதால எங்களுக்கும் இல்ல."

நாளைக்கு அதைச் சொல்ல வேண்டும்.
தண்ணீரின் வாக்குமூலத்துக்கு
எந்த எண் போடுவது என்று
இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.